அரபாத்தின் நாய்

அழவைத்த படங்கள் எல்லாம் மனதில் தங்கிவிடுவதில்லை. 1961இல் வந்த ‘பாசமலர்’ படத்தைக் கொட்டாஞ்சேனையில் பார்த்துவிட்டு முந்தானை நனைய வீடு திரும்பிய கதையை உம்மா எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். கொட்டாஞ்சேனை கிங்ஸ்லி, வெள்ளவத்தை சவோய், பிளாசா என்று தியேட்டர்களை வைத்தே எங்களில் பலருக்கு இந்த நகரத்தின் வழிகள் பழகின. நானும் அந்த இருட்டுக்குள் அழுதிருக்கிறேன். வெளியே வந்து ஒரு பிளேன்டீ குடித்து முடிவதற்குள் அந்தக் கண்ணீர் காய்ந்துவிடும்.

வேறு சில படங்கள் இருக்கின்றன. பார்க்கும்போது அழுகை வராது. ஆனால் பல வருடங்கள் கழிந்த பின்னும், சம்பந்தமில்லாத ஏதோவொரு வேளையில் வந்து முன்னால் நிற்கும். எனக்கு அப்படி வாய்த்தவை இரண்டு. இரண்டுமே பிரசன்ன விதானகேயின் சிங்களப் படங்கள்.

முதலாவது, 1997இல் எடுக்கப்பட்ட ‘புரஹந்த களுவர’. கண்பார்வையற்ற ஒரு கிராமத்து முதியவர். யுத்தத்துக்குப் போன மகன் முத்திரையிட்ட சவப்பெட்டியாகத் திரும்பி வருகிறான். ஊரே அழுது அடக்கம் செய்கிறது. அவர் மட்டும் நம்ப மறுக்கிறார். நட்டஈட்டுப் பத்திரத்தில் கையொப்பமிட மாட்டேன் என்கிறார். கடைசியில் குழியைத் தோண்டிப் பெட்டியைத் திறந்தால், உள்ளே வாழைத்தண்டும் கல்லும்தான். ஜோ அபேவிக்ரம அந்த முதியவராகவே வாழ்ந்திருந்தார். 1999இல் சிங்கப்பூர்த் திரைப்பட விழாவில் அவருக்குச் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. இங்கே 2000ஆம் ஆண்டில் அரசு படத்தைத் தடுத்தது. இயக்குநர் உயர் நீதிமன்றம் வரை போய் 2001இல்தான் திரைக்குக் கொண்டுவந்தார். சிங்களக் கிராமத்துத் தகப்பன் ஒருவரின் துக்கம் எப்படிப்பட்டது என்பதை எந்தப் பத்திரிகையும் எனக்கு அவ்வளவு கிட்டத்தில் காட்டியதில்லை.

இரண்டாவது, 2003இல் வெளிவந்த ‘இர மெதியம’. நடுப்பகல் என்று பொருள். அதில் மூன்று கதைகள் பின்னிப் போகின்றன. காணாமற்போன விமானப்படைக் கணவனைத் தேடும் ஒரு பெண். விடுமுறையில் வந்த இடத்தில், விபசார விடுதியொன்றில் தன் தங்கையைக் காணும் ஓர் இராணுவச் சிப்பாய். மூன்றாவது, எங்கள் கதை. புலிகளின் உத்தரவினால் ஊரைவிட்டு வெளியேறும் முஸ்லிம்களிடையே அரபாத் என்றொரு சிறுவன். அவனுக்கு ஒரு நாய். அதைப் பிரிய அவனுக்கு மனமில்லை.

1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாண நகரத்தில் கொடுக்கப்பட்ட அவகாசம் 2 மணித்தியாலம். இந்தக் கணக்குகளை நாங்கள் மேடைகளிலும் கட்டுரைகளிலும் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டோம். கொழும்பில் பிறந்த எங்கள் பிள்ளைகளுக்கு அவை பாடப்புத்தகத்து எண்கள். ஆனால் படத்தைப் பார்த்த என் இளைய மகன் இரவு படுக்கும்போது கேட்டது ஒன்றைத்தான்: “வாப்பா, அந்த நாய்க்கு யாரு சாப்பாடு குடுப்பாங்க?”

‘முஸ்லிம் வீட்டுப் பிள்ளைக்கு நாயா, வேறொன்றும் கிடைக்கவில்லையா’ என்று குறைப்பட்டவர்களும் எங்கள் குடும்பத்தில் இருந்தார்கள். தாகத்தில் தவித்த நாய்க்குக் காலணியில் நீர் மொண்டு கொடுத்தவனை அல்லாஹ் மன்னித்த செய்தி ஹதீஸில் இருக்கிறது. குகைவாசிகளோடு ஒரு நாயும் குர்ஆனில் இடம்பெற்றிருக்கிறது. அதைவிட, யாரும் தூக்கிக்கொண்டு போக முன்வராத ஒன்றை அந்தப் பிள்ளை நேசிப்பதில்தான் கதையின் வலி இருக்கிறது. ஆட்டுக்குட்டியாக இருந்திருந்தால் யாராவது தோளில் போட்டிருப்பார்கள்.

என் மனைவியின் உம்மா மன்னார் எருக்கலம்பிட்டியைச் சேர்ந்தவர். கடல்வழியாகக் கற்பிட்டிக்கு வந்து, முகாமில் சில வருடங்கள் கிடந்து, பிறகு வெள்ளவத்தையில் எங்களோடு இருந்தவர். விட்டுவந்த வீட்டைப் பற்றி அவர் வாய் திறந்ததேயில்லை. படத்தை டிவிடியில் போட்ட அன்று அடுத்த வீட்டு யாழ்ப்பாணத்து அக்காவும் வந்திருந்தார். படம் முடிந்ததும் மாமிதான் முதலில் பேசினார்.

“எங்கட ஆடு மூணு. கயித்த அவுத்துவுட்டுட்டு வந்தன். கரை வரைக்கும் பின்னால வந்திச்சு.”

அக்கா சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “நாங்களும் மாட்டை அவிட்டு விட்டிட்டுத்தான் வெளிக்கிட்டனாங்கள். தொண்ணூற்றைஞ்சில” என்றார்.

யாழ்ப்பாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டது 1990 ஒக்டோபர் 30. வலிகாமத்துத் தமிழ் மக்கள் இலட்சக்கணக்கில் மழைக்குள் ஊரைவிட்டுப் புறப்பட்டது 1995 ஒக்டோபர் 30. இரண்டையும் ஒரே தராசில் வைக்க நான் வரவில்லை. ஒரு சமூகம் முழுவதையும் அதன் மார்க்கத்தின் பேரால் துரத்துவதும், படையெடுப்பின் முன்னே ஊர் காலியாவதும் வெவ்வேறு விடயங்கள். அதை அக்காவும் அறிந்திருந்தார். “உங்கட ஆக்களை அனுப்பேக்க நாங்கள் ஒருத்தரும் வாய் திறக்கேல்லை, அம்மா” என்று அவர் மாமியிடம் சொன்னார். பயத்தைக் காரணம் காட்டவில்லை. மாமி அதற்குப் பதில் சொல்லவில்லை. “இரி, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ” என்று மட்டும் சொன்னார். எத்தனையோ கருத்தரங்குகளில் நான் கேட்கக் காத்திருந்த ஒரு வார்த்தை எங்கள் வீட்டு வரவேற்பறையில், ஒரு சிங்கள இயக்குநரின் படத்துக்குப் பின்னால் வந்தது.

மாமி இப்போது இல்லை. வெளியேற்றம் நடந்து 35 வருடங்கள் கடந்துவிட்டன. அந்தத் துயரத்தைக் கவிதையிலும் கதையிலும் எழுதியிருக்கிறோம். ஆனால் தமிழ் பேசும் முஸ்லிம் ஒருவரின் கைப்பட, எங்கள் பேச்சில், எங்கள் மணலில் எடுத்த முழுநீளப் படம் ஒன்றைக் காண எனக்கு ஆசை இன்னும் தீரவில்லை. எடுக்கப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். எத்தனை பேர், எத்தனை ரூபா, எத்தனை மணித்தியாலம் என்று கணக்கிலிருந்து தொடங்க வேண்டாம். கயிற்றை அவிழ்த்துவிட்ட கையிலிருந்து தொடங்குங்கள். அப்படிக் கண்ட உம்மாமார் எங்கள் வீடுகளில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே போய்க் கேளுங்கள்.