வீடணனோடு போன நான்கு பேர்

நேற்று செகண்ட் ஷிஃப்ட் முடிந்து அம்பத்தூர் எஸ்டேட்டில் ஆவடி பஸ்ஸுக்காக நின்றபோது மனசு முழுக்க இராவணன்தான்.

கம்பனின் யுத்த காண்டம். அனுமன் எரித்துவிட்டுப் போன இலங்கையில் இராவணன் ஆலோசனை கேட்கிறான். படைத்தலைவர்கள் வீரம் பேசுகிறார்கள். கும்பகர்ணன்தான் முகத்துக்கு நேரே கேட்கிறான்: இன்னொருவன் மனைவியைச் சிறை வைத்துவிட்டு மானம் பேசுவதா என்று. வீடணன் இரணியன் கதையைச் சொல்லியே எச்சரிக்கிறான். கிடைத்தது, கண்ணெதிரே நிற்காதே என்ற விரட்டல். அவன் தனியாகப் போகவில்லை. அவனுடைய நான்கு அமைச்சர்களும் கூடவே போனார்கள். எனக்கு அந்த நான்கு பேர்தான் முக்கியம்.

நான் சூப்பர்வைசரான புதிதில் ஒரு சிஎன்சி ஆபரேட்டர் தம்பி, "அண்ணா, போர் சைஸ் ஏறுது, நிறுத்திடலாம்ணா" என்றான். டெஸ்பாட்ச் அவசரம். "உன் வேலையைப் பாரு" என்றேன், எல்லோர் முன்னாலும். காலையில், துளைக்குள் போகவே கூடாத நோ-கோ கேஜ் உள்ளே இறங்கியது. அந்த லாட் முழுக்க ஸ்கிராப். அதைக்கூட ஈடுகட்டிவிட்டோம். ஆனால் அதற்கப்புறம் லைனில் யாரும் என்னிடம் எதையும் சொல்லவில்லை. மூன்று மாதத்தில் அவன் வேலையை விட்டான். கூடவே இன்னும் இரண்டு பேர், நல்ல கைகள்.

இராவணன் ஆலோசனையாவது கேட்டான். நான் அதுகூடக் கேட்கவில்லை.

நேற்று ஒரு புதுப் பையன் தானே மெஷினை நிறுத்திவிட்டுப் பயந்துகொண்டே வந்து நின்றான். ஒன்றும் பேசாமல் அவன் கையிலிருந்த கேஜை வாங்கிக்கொண்டு மெஷின் பக்கம் நடந்தேன்.