பேசாத தொலைபேசி

கும்பகோணத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில், பூஜை அறைக் கதவை ஒட்டி, ஒரு தரைவழித் தொலைபேசி இருக்கிறது. 1993-ஆம் ஆண்டு என் தந்தையார் விண்ணப்பித்துக் காத்திருந்து பெற்ற இணைப்பு அது. வீட்டில் எல்லோர் கைக்கும் கைப்பேசி வந்த பிறகும் அதை நாங்கள் அகற்றவில்லை. 88 வயதாகும் என் தாயாருக்குக் கைப்பேசி வசப்படவே இல்லை. அவருக்குத் தொலைபேசி என்றால் அது ஒன்றுதான்.

2024 ஆவணி மாதத்தில் அந்தத் தொலைபேசிக்கு ஒரு புதிய வழக்கம் பிடித்துக்கொண்டது. மணி அடிக்கும். எடுத்து 'ஹலோ' என்றால் மறுமுனையில் சத்தமே இராது. இரண்டு மூன்று விநாடிகளில் தொடர்பு அறுந்துவிடும். நாளுக்கு ஒரு முறை, சில நாள்களில் நான்கு முறை. அர்ச்சனையின் பாதியில் எழுந்து ஓடி வந்திருக்கிறேன். என் மனைவி அடுப்பில் வைத்த பாலை மறந்துவிட்டு வந்து, அது பொங்கி வழிந்ததும் உண்டு. "ஏங்க, வீட்டுல ஆள் இருக்கான்னு யாராவது வேவு பார்க்கிறாங்களோ?" என்று அவள் அஞ்சினாள். முதியவர்கள் தனித்திருக்கும் வீடுகளைப் பற்றி நாளிதழ்களில் வருவனவற்றைப் படிப்பவர்களுக்கு அந்த அச்சம் புரியும்.

36 ஆண்டுகள் வங்கியில் பேரேடுகளோடு வாழ்ந்தவன் நான். எதையும் எழுதிப் பார்த்தால்தான் எனக்கு விளங்கும். பழைய நாட்குறிப்பு ஒன்றை எடுத்து, அழைப்பு வந்த நாளையும் நேரத்தையும் குறிக்கலானேன். மூன்று வாரங்களில் 41 அழைப்புகள். வரிசைப்படுத்திப் பார்த்தபோது ஒன்று புலப்பட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஓர் அழைப்புகூட இல்லை. காலை பத்து மணிக்கு முன்போ மாலை ஏழு மணிக்குப் பின்போ வந்ததில்லை. திருடன் இப்படி அலுவலக நேரம் பார்த்தா வேலை செய்வான்?

என்னுடன் பணியாற்றிய நண்பர் ஒருவரின் மகன் சென்னையில் அழைப்பு மையம் ஒன்றில் இருக்கிறான். அவனிடம் கேட்டேன். கடன், காப்பீடு, வீட்டுமனை என்று விற்பவர்கள் இப்போது ஒவ்வோர் எண்ணாகக் கையால் அழைப்பதில்லையாம். கணினியே அழைக்கிறது. பலர் எடுக்க மாட்டார்கள் என்று கணக்கிட்டு, பேசுவதற்கு அமர்ந்திருக்கும் ஊழியர்களைவிட அதிகமான எண்களை அது ஒரே நேரத்தில் அழைத்துவிடுமாம். எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் எடுத்துவிட்டால், மிஞ்சியவர்களோடு பேச ஆள் இருக்காது. அவர்கள் காதில் விழுவது வெறும் நிசப்தம். இந்த எண் புழக்கத்தில் இருக்கிறதா என்று சோதிப்பதற்காகவே அழைத்து வைத்துவிடும் இயந்திரங்களும் உண்டாம்.

"பயப்படாதீங்க மாமா. அந்தப் பக்கம் யாருமே இல்லை" என்றான்.

மனம் இலேசாயிற்று. மறுநாள் பிற்பகல் உறக்கம் கலைந்து கூடத்துக்கு வந்தேன். தாயார் முக்காலியில் அமர்ந்து, ஒலிவாங்கியை இரு கைகளாலும் காதோடு சேர்த்துப் பிடித்திருந்தார்.

"சின்னவனா? சாப்பிட்டியாப்பா? முட்டிவலி தேவலையா? ஒரு வார்த்தை பேசேன்டா..."

என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து, "தினமும் கூப்பிடறான்டா. பேசத்தான் அவனுக்கு வாய் வரல" என்றார்.

சின்னவன் என்பவன் என் ஒரே தம்பி. நாகபுரியில் இருக்கிறான். 2012-இல் தந்தையார் சிவபதம் அடைந்தார். காரியங்கள் முடிந்து பாகம் பிரிக்க உட்கார்ந்தபோது, அப்பாவின் அறுவைச் சிகிச்சைக்குத் தான் செலவிட்ட தொகையையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்றான் அவன். "ரசீது இருக்கா?" என்று கேட்டேன். வங்கியில் ஆயிரம் முறை கேட்ட கேள்விதான். கூடப் பிறந்தவனிடம் கேட்கக்கூடாத கேள்வி. அவன் எழுந்து போனான். பத்திரத்தில் கையெழுத்திட்டுவிட்டு, அன்றிரவே ரயிலேறினான்.

இதுவரை எவரிடமும் சொல்லாத ஒன்றை இங்கே எழுதுகிறேன். அந்த ஆண்டு அவன் இரண்டு முறை இதே தொலைபேசிக்கு அழைத்தான். இரண்டு முறையும் எடுத்தவன் நான். அவன் குரலைக் கேட்டேன். ஒரு சொல்லும் பேசாமல் வைத்துவிட்டேன். அதன்பின் அவன் அழைக்கவில்லை. அவன் சேமநலம் எல்லாம், தம்பி மனைவியின் பிறந்த வீட்டார் வழியாகக் காதில் விழுந்தவைதான். 'அவன் மறந்துட்டான் போல' என்று தாயார் கண் கலங்கிய போதெல்லாம் நான் நாளிதழைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

இந்த இணைப்பையே துண்டித்துவிடலாம் என்று முடிவு செய்தேன். தாயார் ஏமாறுவதைக் காணப் பொறுக்கவில்லை என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அவரிடம் சொன்னபோது, "வேணாம்டா. இந்த நம்பர்தானே அவனுக்குத் தெரியும்" என்றார். மேலே பேச எனக்கு நாவெழவில்லை.

அடுத்த வியாழக்கிழமை ஆலங்குடிக்குச் சென்றேன். கும்பகோணத்திலிருந்து நீடாமங்கலம் செல்லும் வழியில் உள்ள குருஸ்தலம். ஆபத்சகாயேசுவரரைத் தரிசித்துவிட்டு, தட்சிணாமூர்த்தி சந்நிதியில் கூட்டத்தோடு நின்றேன். கல்லால மரத்தடியில் சனகாதி முனிவர் நால்வருக்கும் வாய் திறவாமலே உபதேசித்த குருநாதர் அவர். சிறுவயது முதல் கேட்ட கதைதான். அன்று அந்தத் திருவுருவைப் பார்த்தபோது, மௌனத்திலும் எத்தனை வகை என்று தோன்றியது. குருநாதரின் மௌனம் கேட்பவன் ஐயத்தைத் தீர்த்துவைக்கிறது. இயந்திரத்தின் மௌனத்துக்குப் பின்னால் எவருமில்லை. அதில் நன்மையும் இல்லை, பகையும் இல்லை. என் மௌனம் எந்த வகை? இரண்டு முறை ஒலிவாங்கியை வைத்தபோது, மறுமுனையில் இருப்பவனைக் காயப்படுத்த வேண்டும் என்று தெரிந்தே வைத்தேன். மூன்று வாரமாக எந்தத் தொல்லையை நாட்குறிப்பில் எழுதி வந்தேனோ, அதைவிடக் கொடியதை நானே செய்திருக்கிறேன்.

தம்பியின் மாமனார் வீட்டாரிடம் அவன் எண்ணைக் கேட்டு வாங்கினேன். அன்றிரவு எட்டரை மணிக்கு அந்தத் தொலைபேசியிலிருந்தே அழைத்தேன். நம் வீட்டு எண்ணை அவன் தன் கைப்பேசியில் கண்டிருக்க வேண்டும். எடுத்தவுடன், "ஹலோ, அம்மாவுக்கு என்ன?" என்று பதறினான்.

எனக்குப் பேச்சு வரவில்லை. சொல்ல வேண்டியவற்றை எல்லாம் ஆலங்குடியிலிருந்து பேருந்தில் வரும்போதே கோத்து வைத்திருந்தேன். ஒன்றும் எழவில்லை. "ஹலோ... ஹலோ..." என்று அவன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். பிறகு குரல் தணிந்தது.

"அண்ணே, நீங்கதானே? வச்சிடாதீங்க."

"அம்மா நல்லா இருக்காங்க" என்றேன். சற்று நேரம் கழித்து, "ரசீது கேட்டது என் தப்புடா" என்றேன். இருவரும் சிறிது நேரம் பேசவில்லை. அந்த மௌனம் பாரமாக இல்லை.

பிறகு தாயாரிடம் கொடுத்தேன். அவர் முதலில் கோபித்துக்கொண்டார். "இத்தனை நாளா கூப்பிட்டுட்டு ஏண்டா பேசாம இருந்தே?" என்றார். இயந்திரத்தின் குற்றமும் என் குற்றமும் சேர்ந்து அவன் தலையில் விழுந்தன. அவனுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. ஆனாலும் அவன் சொன்ன பதில், அருகில் நின்ற எனக்குக் கேட்டது: "தப்புதாம்மா. இனிமே பேசறேன்."

அந்த ஆண்டு தீபாவளிக்குக் குடும்பத்தோடு வந்தான். நடந்தது முழுவதையும் அப்போது தாயார் முன்னிலையில் நான் சொன்னேன். அவர் என் தலையைத் தொட்டாரே தவிர ஒன்றும் சொல்லவில்லை.

இத்தகைய அழைப்புகளால் அல்லலுறும் அன்பர்களுக்கு, அனுபவத்தில் கண்ட சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். விற்பனை அழைப்புகள் வேண்டாம் என்று 1909 என்ற எண்ணுக்கு அழைத்துப் பதிவு செய்துகொள்ளலாம், கட்டணம் இல்லை. நாங்கள் பதிந்தபின் தொல்லை பெரிதும் குறைந்தது. அழைப்பவர் எண்ணைக் காட்டும் தொலைபேசிக் கருவியும் ஒன்று வாங்கினோம். 140 என்று தொடங்குவது விற்பனை அழைப்புக்கு உரிய எண். 1600 என்று தொடங்குவது வங்கி போன்ற நிறுவனங்களின் சேவை அழைப்புக்கு உரியது. மறுமுனை பேசாவிட்டால் உங்கள் பெயரைச் சொல்லாமல் வைத்துவிடுங்கள். அறியாத எண்ணைத் திருப்பி அழைக்காதீர்கள். எந்த வங்கியும் உங்கள் கடவுச்சொல்லையோ ஓடிபி எண்ணையோ கேட்பதில்லை. 'டிஜிட்டல் கைது' என்று ஒன்று நம் நாட்டுச் சட்டத்தில் கிடையாது. பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.

வங்கியில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வரவு செலவு இல்லாத கணக்கைச் செயல்படாத கணக்கு என்போம். பத்து ஆண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்தால் அத்தொகை, ரிசர்வ் வங்கி 2014-இல் ஏற்படுத்திய நிதிக்குப் போய்விடும். அப்போதும் உரியவர் வந்து கேட்டால் அவர் பணம் அவருக்குக் கிடைக்கும். இதை எத்தனையோ வாடிக்கையாளர்களுக்கு நான் விளக்கியிருக்கிறேன். பன்னிரண்டு ஆண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்த உறவும் அப்படித்தான் என்பதை மட்டும் காலம் கடந்து கற்றேன். அதற்கு வேண்டியது ஓர் அழைப்பு. ரசீது தேவையில்லை.

ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்கு எங்கள் தொலைபேசி ஒலிக்கிறது. பூஜையின் நடுவிலானாலும் நான் எழுவதில்லை. தாயார் முக்காலியில் முன்பே அமர்ந்து காத்திருக்கிறார். எல்லாம் குருநாதர் திருவருள்.