641 எங்கிருந்து வந்தது?

2-இன் 32-ஆம் அடுக்கோடு ஒன்றைக் கூட்டினால் 4294967297. அடுக்கு ஒவ்வொரு முறையும் இரட்டிக்கும் இதே அமைப்பில் இதற்கு முன் வரும் 3, 5, 17, 257, 65537 ஐந்தும் பகா எண்கள். அதனால் அடுத்தடுத்து வருபவையும் அப்படியே இருக்கும் என்று 1640-இல் ஃப்ரெனிக்லுக்கு எழுதினார் ஃபெர்மா; முழு நிரூபணம் தம்மிடம் இல்லை என்பதையும் மறைக்கவில்லை. 1729 டிசம்பரில் கோல்ட்பாக் இதைப் பற்றி ஆய்லரிடம் கேட்டார். ஆய்லரின் 1732-ஆம் ஆண்டுக் கட்டுரை, இந்த எண்ணை 641 மீதியின்றி வகுக்கும் என்கிறது. கண்ட வழியை மட்டும் சொல்லவில்லை. மேதையின் கண்ணில் ஏதோ தற்செயலாகப் பட்டிருக்கும் என்று விட்டுவிட எனக்கு மனமில்லை.

எண்ணுக்குள்ளேயே தடயம் இருக்கிறது. ஒரு பகா எண் இதை வகுத்தால், அந்தப் பகா எண்ணால் வகுக்கும்போது 2-இன் 32-ஆம் அடுக்குக்கு மீதி −1. 64-ஆம் அடுக்குக்கு மீதி 1. அதாவது 2-இன் அடுக்குகள் தரும் மீதிகள் சரியாக 64 படிகளுக்கு ஒருமுறை சுழலும். அப்படியானால், ஃபெர்மாவின் சிறிய தேற்றப்படி, அந்தப் பகா எண்ணில் ஒன்றைக் கழித்தால் 64-இன் மடங்கே வரவேண்டும். இந்த வடிவில் உள்ள பகா எண்கள் வரிசையாக 193, 257, 449, 577, 641. ஐந்தாவது முயற்சியிலேயே விடை கிடைத்துவிடும்.

இந்த விதியின் நிரூபணத்தை ஆய்லர் அச்சிட்டது 1750-இல்தானே, பின்னாள் அறிவை 1732-க்கு ஏற்றலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். சிறிய தேற்றத்தையே அவர் நிரூபித்தது 1736-இல். ஆனால் அத்தேற்றம் நிரூபணமின்றி 1732 கட்டுரையிலேயே இடம்பெற்றிருக்கிறது. அதே கட்டுரையில் 2-இன் 73-ஆம் அடுக்கில் ஒன்று குறைந்த எண்ணை 439 வகுக்கும் என்றும் சொல்கிறார். அது 22 இலக்க எண். 439-இல் ஒன்று போனால் 438, அதாவது 73-இன் ஆறு மடங்கு. வடிவம் பார்த்துத் தேடும் பழக்கம் அப்போதே அவரிடம் இருந்தது என்பதற்கு இது வலுவான சான்று. 3-இல் தொடங்கி ஒவ்வொரு பகா எண்ணாக வகுத்தே 641-ஐ எட்டியிருக்கலாம் என்பதையும் மறுக்க முடியாது. அதற்கு 115 வகுத்தல்கள் போதும். ஆனால் 439-ஐயும் சேர்த்து விளக்குவது வடிவத் தேடல்தான்.

இந்த உத்தி ஃபெர்மாவுக்கும் தெரியும். 2-இன் 37-ஆம் அடுக்கில் ஒன்று குறைந்த எண்ணை 223 வகுக்கும் என்று 1640-லேயே அவர் கண்டது இப்படித்தான். அப்படியிருந்தும் 641 அவர் கையில் சிக்கவில்லை. ஆகவே கருவி இருந்தால் மட்டும் போதாது, அதைக் கடைசிவரை ஓட்டிப் பார்க்கவும் வேண்டும். அதிர்ஷ்டத்துக்கும் ஒரு பங்கு உண்டு. இவ்வரிசையின் அடுத்த எண்ணுக்கு மிகச் சிறிய பகாக் காரணி 274177. அச்சில் அது வெளிவந்தது 1880-இல், லாண்ட்ரியின் கையால். ஆய்லருக்கு வாய்த்தது 641 சிறிய எண்ணாக இருந்தது மட்டுமே. அது எந்த வரிசையில் ஒளிந்திருக்கும் என்பதைக் காட்டியது கணிதம்.