விமானியும் விமானமும்

சவ்வாது மலைக்குக் கிழக்கே, செய்யாற்றங்கரையில் அமைந்த ஊர் கலசப்பாக்கம். அவ்வூரில், விமானப்படையில் விமானங்களைப் பேணும் பணிபுரிந்து ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர் வாழ்ந்துவந்தார். ஒருநாள் மாலை அவர் ஆற்றங்கரையில் அமர்ந்திருந்தபோது, வான்வழியே விமானம் ஒன்று முழங்கிச் சென்றது. அருகிருந்த பேரன் அதனை நோக்கியவாறே வினவினான்.

“தாத்தா! மலையமான் திருமுடிக்காரியின் குதிரைக்கும் காரி என்பதே பெயர் என்று எங்கள் ஆசிரியர் கூறினார். போர் விமானிக்கும் அவ்வாறே தமக்கென ஒரு விமானம் உண்டோ?”

“இல்லை, குழந்தாய். ஒரு படைப்பிரிவில் 16 முதல் 18 விமானங்கள் வரை இருக்கும். அவை யாவும் ஒரே நாளில் பறக்கும் நிலையில் இரா. குறித்த மணி நேரம் பறந்தபின் ஒவ்வொன்றையும் பிரித்துச் சோதித்தல் வேண்டும். ஒருவர்க்கு ஒன்று என வரையறுத்துவிட்டால், விமானம் பழுதுற்ற நாளில் விமானி வாளா இருப்பார். விமானி நோயுற்ற நாளில் விமானம் வாளா நிற்கும்.”

“அங்ஙனமாயின், எவர் எதில் பறப்பது?”

“பறக்கத் தக்கவை இவையெனப் பொறியியற் பிரிவினர் அறிவிப்பர். இன்னார்க்கு இன்ன எண்ணுடைய விமானம் என்று பலகையில் எழுதப்படும். விமானி அவ்விமானத்தின் பதிவேட்டைப் படித்து, முன்னர் நேர்ந்த பழுதுகளையும் அவை நீக்கப்பட்டதையும் அறிந்து, கையொப்பமிடுவார். விமானத்தைச் சுற்றிவந்து பார்த்தபின்னரே ஏறுவார். மீண்டு வந்து, கண்ட குறைகளை எழுதிக் கையொப்பமிடும் வரையில் அது அவர் பொறுப்பு.”

“சில விமானங்களில் விமானியின் பெயர் எழுதியிருப்பதைப் படத்தில் கண்டேனே!”

“அமெரிக்கா முதலிய நாடுகளில் அவ்வழக்கம் உண்டு. அது மதிப்பின் பொருட்டு எழுதுவது. பெயருக்கு உரியவரே எந்நாளும் அதில் பறப்பார் என்பதில்லை. அங்கே விமானத்தைப் பேணுவோர் பெயரையும் உடன் எழுதுவர்.”

சிறிது நேரம் ஆற்று மணலை நோக்கியிருந்த முதியவர் மேலும் தொடர்ந்தார்.

“1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் விமானத் தளத்தைப் பகைவரின் 6 சேபர் விமானங்கள் தாக்கின. 18ஆம் படைப்பிரிவைச் சேர்ந்த நிர்மல்ஜித் சிங் சேகோன், குண்டுகள் விழுந்துகொண்டிருக்கும்போதே நாட் விமானத்தில் எழுந்து பறந்து, போரிட்டு உயிர்நீத்தார். நம் விமானப்படையில் பரமவீர் சக்கரம் பெற்றவர் அவர் ஒருவரே. அதனை ஆயத்தமாக வைத்திருந்தவர்களின் கைகளை நம்பியன்றோ அவர் எழுந்தார்! அப்படைப்பிரிவே 2020 மே 27 அன்று, கோயம்புத்தூரை அடுத்த சூலூரில் தேஜஸ் விமானங்களோடு மீண்டும் தொடங்கப்பெற்றது.”

“உங்கள் கையையும் எவரேனும் நம்பினரோ, தாத்தா?”

“கேள். ஒருநாள் வேலை முடிந்து கையொப்பமிட்டபின் கருவிகளை எண்ணினேன். சிறிய திருகுகோல் ஒன்று குறைந்தது. விமானியோ ஏணியில் கால் வைத்துவிட்டார். உண்மையை உரைத்தால் எனக்குத் தண்டனை. மறைத்தால் அவர் உயிருக்கே இடர். ஓடிச்சென்று உரைத்தேன். பறப்பு நிறுத்தப்பட்டது. இரவெல்லாம் தேடினோம், இருக்கையின் அடியில் அது கிடைத்தது. எண்ணாது கையொப்பமிட்ட குற்றத்திற்குத் தண்டனையும் பெற்றேன்.”

“அந்த விமானி உங்களுக்கு நன்றி கூறினாரா?”

“மறுநாள் அவ்விமானத்தில் பறந்தவர் வேறொருவர். அவர் என்னை அறியார். பதிவேட்டில் என் கையொப்பத்தைக் கண்டார், அதன்கீழ்த் தம் கையொப்பத்தை இட்டார், ஏறிச் சென்றார்.”

சிறுவன் வாய்திறவாது இருந்தான். காரியின் குதிரை தன் தலைவனை அறிந்திருந்தது. விமானம் எவரையும் அறியாது. ஆயினும், முகமறியா ஒருவர் இட்ட கையொப்பத்தை நம்பி மற்றொருவர் தம் உயிரை அதனிடம் ஒப்படைக்கின்றார். அந்த நம்பிக்கைக்குத் தகுதியுடையவராய் வாழ்வதே கடமை உணர்ந்தோர்க்கு அழகாகும்.