ஒரே வளவில் இரு நாய்கள்

நாயினத்தைப் போல உருவ வேறுபாடு மிக்க விலங்கினம் பிறிதொன்று இல்லை எனலாம். அல்சேசன் ஆண் நாய் முப்பது முதல் நாற்பது கிலோகிராம் வரை நிறுக்கும். பொமரேனியனோ ஒரு கையில் அடங்கிவிடும். இரண்டையும் ஒரே வளவில் வளர்ப்போர் இவ்வேற்றுமையை மறந்துவிடுதல் ஆகாது.

திருகோணமலையில் உட்துறைமுகத்தை நோக்கிய வீடொன்றிற் பேரன் அல்சேசன் குட்டியொன்றைக் கொண்டுவந்தான். அப்பாச்சியின் பொமரேனியனுக்கு அப்போது எட்டு வயது. குட்டிக்கு எட்டு வாரம். பருமனில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. "பாவம், குழந்தைதானே" என்றார் அப்பாச்சி. இடர் அச்சொல்லிலேதான் ஒளிந்திருந்தது. ஆறாம் மாதத்திலேயே குட்டி முழு நிறையிற் பாதியைத் தாண்டிவிடும். புத்தி மட்டும் குட்டியினதாகவே இருக்கும். கடித்தாலன்றோ ஆபத்து என எண்ணுதல் பிழை. விளையாட்டாக முன்காலை ஓங்கி வைத்தாலே சிறியதன் எலும்பு முறியக்கூடும். அது வீரிட்டு ஓடின், துரத்தும் வேட்டையுணர்வு பெரியதிடம் விழித்துக்கொள்ளவும் கூடும்.

ஸ்கொட், புல்லர் என்னும் ஆய்வாளர் இருவரும் 1965இல் வெளியிட்ட நூலில், மூன்றாம் வாரம் முதற் பன்னிரண்டாம் வாரம் வரையுள்ள காலமே குட்டி பிறவுயிர்களோடு பழகக் கற்கும் பருவம் எனக் காட்டினர். ஆகவே அவ்வீட்டாருக்கு எஞ்சியிருந்தவை நான்கு வாரங்களே. விறாந்தையின் குறுக்கே பலகைத் தட்டியொன்று எழுந்தது. கதிரைகளின் பின்னால் சிறியது மட்டும் நுழையத்தக்க ஒதுக்கிடம் அமைந்தது. உணவுத் தட்டுகள் வெவ்வேறு அறைகளுக்குச் சென்றன. பொமரேனியன் உறுமினால் எவரும் அதனை அதட்டுவதில்லை. உறுமலை அடக்கினால் எச்சரிக்கையின்றிக் கடிக்கப் பழகும்.

குட்டியின் எலும்பையும் காக்கவேண்டியிருந்தது. பலம் பெறட்டும் என்று அப்பாச்சி கல்சியக் குளிசை கொடுக்க விரும்பினார். நெதர்லாந்தின் உட்றெக்ற் பல்கலைக்கழகத்தில் 1980களிற் கிறேற் டேன் குட்டிகளிடத்து நிகழ்ந்த ஆய்வுகளோ, மிகையான கல்சியம் எலும்பு வளர்ச்சியைக் கெடுக்கும் என நிறுவியுள்ளன. இளங்குட்டியின் குடலுக்கு மிகையை மறுக்கும் ஆற்றல் இல்லை. குளிசை கைவிடப்பட்டது. வளர்ச்சித் தகடுகள் மூட ஓராண்டுக்கு மேலாகும் என்பதால், பிரெட்றிக் கோட்டையூடாகக் கோணேசர் ஆலயத்துக்கு ஏறும் நீண்ட நடையும் தள்ளிவைக்கப்பட்டது. அங்கு மேயும் புள்ளிமான்கள் அதற்கு இன்னொரு காரணம்.

குட்டிக்கு இப்போது ஏழு மாதம். தட்டியைக் கழற்றலாம் என்கிறான் பேரன், அப்பாச்சி இசையவில்லை. துறைமுகத்திற் கப்பல் ஊதும்போது இரண்டும் தட்டியின் இருமருங்கும் நின்று சேர்ந்தே ஊளையிடுகின்றன.