பனிப்பூவும் மார்கழிக் கோலமும்

தில்லியில் குளிர்காலம் பிறந்தால், தொடக்கப் பள்ளியில் பயிலும் நம் குழந்தைகள் காகிதத்தில் பனிப்பூ வெட்டத் தொடங்கிவிடுகிறார்கள். இங்கு மூடுபனி உண்டு, வெண்பனி பொழிவதில்லை. காணாத பொருளை வெட்டுவானேன் என்று நம்மில் சிலர் சலித்துக் கொள்கிறோம். அச்சலிப்பு வேண்டுவதில்லை.

பனிப்பூவுக்கு ஆறு கைகள். உறையும் நீரின் மூலக்கூறுகள் அறுகோணமாய் இணைவதே காரணம். கெப்ளர் என்னும் வானநூலறிஞர் 1611-இல் இவ்வடிவத்தை ஆராய்ந்து ஒரு சிறுநூல் எழுதினார். அமெரிக்க உழவர் வில்சன் பென்ட்லி 1885-இல் நுண்ணோக்கி வழியே அதனைப் படம் பிடித்தார்.

காகிதத்தை நான்காக மடித்து வெட்டினால் இவ்வடிவம் வாராது. வட்டக் காகிதத்தைப் பாதியாக மடித்து, அவ்வரைவட்டத்தை மூன்று சம பங்காக மடிக்க வேண்டும். கூர்முனையை விட்டு, ஓரங்களைக் கத்தரித்து விரித்தால் ஆறு புறமும் ஒத்த பூ மலரும்.

இனி நம் மார்கழி வாசலை நோக்குவோம். இடைப்புள்ளிக் கோலத்தில் நடுவரிசைக்கு 7 புள்ளி. அதன் இருபுறமும் 6, 5, 4. ஆக 37 புள்ளிகள், எல்லைக்கோடு அறுகோணம்! பள்ளியில் கற்ற வடிவமே வீட்டு வாசலிலும் இருப்பதைக் குழந்தை தானே எண்ணிக் கண்டுகொள்ளும்.

கோலம் பாட்டியோடு ஊரிலேயே தங்கிவிட்டது என்னும் குறை நம் இல்லங்கள் பலவற்றில் உண்டு. கத்தரிக்கோல் கொடுக்கும் கையால் கோலமாவும் கொடுப்போம். மகளுக்கு மட்டுமன்று, மகனுக்குந்தான்.