கடலை என்னவென்று சொல்வது?



போன கிழமை தரம் 10 பிள்ளைகளுக்கு அணி இலக்கணம் படிப்பித்தேன். கரும்பலகையில் இரண்டு வசனம் எழுதினேன்.

"கடல் தாயைப் போன்றது." இது உவமை. 'போல', 'போன்ற' என்ற சொல் ஒப்பைக் காட்டிக்கொடுக்கும்.

"கடல் அன்னை மடி விரித்தாள்." இது உருவகம். 'போல' இல்லை, கடலே தாயாகிவிட்டது.

பின்வாங்கிலிருந்து ஒரு மகன் எழும்பினார். "சேர், எங்கட வாப்பும்மா இதக் கேட்டா ஏசுவாங்க."

ஏன் என்று கேட்டேன். அவருடைய சாச்சா, 2004 டிசம்பர் 26 அன்று ஒன்பது வயதுப் பிள்ளை. கடல் கொண்டுபோனது. ஜனாஸாகூடக் கிடைக்கவில்லை.

வகுப்பே அமைதியாகிவிட்டது. கொட்டியாரக் குடா ஓரத்தில் இருந்துகொண்டு, சுனாமிக்குப் பிறகும் இத்தனை வருடம் இதே உதாரணத்தை யோசிக்காமல் எழுதியிருக்கிறேன்.

"அப்ப இந்த அணியெல்லாம் பொய்யா சேர்?" என்று கேட்டார்.

தொல்காப்பியம் உவமவியலில் ஒப்புமைக்கு நான்கு அடிப்படை சொல்கிறது: வினை, பயன், மெய், உரு. அதாவது செயல், விளைவு, வடிவம், நிறம். அதை வைத்தே விளக்கினேன். கடலுக்குப் போய் வருகிறவர் பயனைப் பார்க்கிறார். சோறு தருவதால் அவருக்குக் கடல் தாய். வாப்பும்மா பார்த்தது வினையை. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. எதை வைத்து ஒப்பிடுகிறோம் என்பதுதான் வேறு.

பிறகு சொன்னேன், "'கடல் கொண்டுபோனது' என்று சொன்னீங்களே, அதுவும் அணிதான் மகன். கடலுக்குக் கை இருக்கா?" முகத்துவாரம் என்கிறோம், ஆற்றுக்கு ஏது முகம்? கரைவலையில் மீன் சேரும் பையை மடி என்கிறோம். நம்முடைய ஊர்ப்பேச்சே அணிதான்.

வீட்டில் போய் கடலைப் பற்றி ஒரு உருவகம் எழுதிவரச் சொன்னேன். மறுநாள் அந்த மகன் கொண்டுவந்தது இது:

"கடல், வாங்கினதைத் திருப்பித் தராத கடன்காரன்."

வாப்பும்மாவிடம் கேட்டு எழுதினாராம். முழுப் புள்ளி போட்டேன். அந்தப் பழைய உதாரணத்தை இனி யோசித்துத்தான் எழுதுவேன்.

பெற்றோரே, பிள்ளைகள் அணி இலக்கணத்தோடு வீட்டுக்கு வந்தால் பாடமாக்கச் சொல்லாதீங்க. வீட்டில் உள்ள பெரியவர்களிடம் அனுப்புங்க.

கடலில் மௌத்தானவர்களுக்கு அல்லாஹ் சுவனத்தைக் கொடுப்பானாக. ஆமீன்.